முதல் ஊசிக்கு முன் இரண்டு மில்லி

மூன்று மாதம்கூட நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல். நெஞ்சில் சளிச் சத்தம் இல்லை, காதும் தொண்டையும் சுத்தம், தொப்புள் நன்றாகக் காய்ந்திருக்கிறது. தலை முதல் கால் வரை தேடியும் ஒன்றும் அகப்படவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது சிறுநீரை. இந்த வயதில் காய்ச்சலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பாக்டீரியாத் தொற்றுகளில் முதலிடம் சிறுநீர்த் தொற்றுக்குத்தான். 2008இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, காய்ச்சலோடு வந்த மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைகளை எடுத்துப் பார்த்தது. பெண் குழந்தைகளில் 7.5 சதவீதம் பேருக்குச் சிறுநீர்த் தொற்று. முன்தோல் நீக்கிய ஆண் குழந்தைகளில் 2.4 சதவீதம். முன்தோல் நீக்காத ஆண் குழந்தைகளில் 20.1 சதவீதம், அதாவது ஐந்தில் ஒருவர். பெரியவர்களில் இது பெண்களின் நோய் என்று பழகிப்போனவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழாகத் தெரியும். முதல் சில மாதங்களில் ஆண் குழந்தைகளே அதிகம். ஒரு வயதுக்கு மேல்தான் தராசு மறுபக்கம் சாய்கிறது.

இந்த நோயில் மருந்து கொடுப்பது எளிது. சிறுநீரைச் சரியாகப் பிடிப்பதுதான் பாடு. முதல் ஆன்டிபயாடிக் உடம்புக்குள் போன சில மணி நேரத்திலேயே சிறுநீரில் கிருமி வளராமல் போகலாம். பிறகு எத்தனை கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பினாலும் "வளர்ச்சி இல்லை" என்றுதான் வரும். தொற்று இருந்ததா, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது மடங்கும் என்ற மூன்று கேள்விக்கும் அப்புறம் பதில் கிடைக்காது. தவறான முறையில் பிடித்த சிறுநீர் இதற்கு நேர்மாறான கெடுதலைச் செய்யும். இல்லாத தொற்றைக் காட்டும். பத்து நாள் மருந்து, ஸ்கேன், கத்தீட்டர் (சிறுநீர்த் துவாரம் வழியே விடும் மெல்லிய குழாய்) போட்டு எடுக்கும் எக்ஸ்ரே என்று ஒரு வரிசையே அதன் பின்னால் நிற்கும். ஆகவே இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி, முதல் ஆன்டிபயாடிக்குக்கு முன் பிடிக்க வேண்டிய அந்த இரண்டு மில்லி சிறுநீருக்கே போகும்.

சந்தேகம் எப்போது வர வேண்டும்

எரிகிறது, அடிக்கடி போகிறது என்று சொல்லக் குழந்தைக்கு வாயில்லை. காய்ச்சல், சோர்வு, வாந்தி, பால் குடிப்பது பாதியாகக் குறைவது, சமாதானப்படுத்த முடியாத அழுகை, எடை ஏறாமல் நிற்பது, இவைதான் அறிகுறிகள். ஒவ்வொன்றும் வேறு பத்து நோய்க்கும் பொருந்தும். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை இரண்டு வாரம் தாண்டியும் நின்றாலோ, வடிந்து திரும்ப ஏறினாலோ சிறுநீரைப் பார்க்க வேண்டும். முதல் மாதத்தில் காய்ச்சலுக்குப் பதிலாக உடம்பு சில்லிட்டுப் போவதும் உண்டு. 36 டிகிரிக்குக் கீழே இறங்குவது 38ஐத் தாண்டுவதைவிட நல்ல செய்தி இல்லை.

காய்ச்சல் என்றால் ஆசனவாயில் வைத்துப் பார்த்த வெப்பநிலை 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல். நெற்றியில் கை வைத்துச் சொல்லும் காய்ச்சலுக்குக் கணக்கில்லை. வீட்டில் ஒருமுறை 38 காட்டி, மருத்துவமனைக்கு வந்தபோது இறங்கியிருந்தாலும் அது காய்ச்சல்தான். பாராசிட்டமாலுக்கு இறங்கியது என்பதும் ஆறுதல் இல்லை. வைரஸ் காய்ச்சலும் இறங்கும், சிறுநீரகத்தில் சீழ் வைத்த காய்ச்சலும் இறங்கும்.

சிறுநீர் நாறுகிறது என்று பெற்றோர் சொல்வதை வைத்துத் தொற்று உண்டு என்றோ இல்லை என்றோ முடிவெடுக்க முடியாது. பிறந்த முதல் வாரத்தில் டயப்பரில் செங்கல் பொடி தூவியது போல இளஞ்சிவப்புக் கறை தெரிந்தால் ரத்தம் என்று பதறுவார்கள். பெரும்பாலும் அது யூரேட் உப்பு. பால் போதாமல் சிறுநீர் கெட்டியாகும்போது படியும். தொற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மூக்கு ஒழுகினால் காய்ச்சலுக்குக் காரணம் தெரிந்துவிட்டது என்று நினைப்பதும் ஒரு பொறி. இரண்டு மாதத்துக்குட்பட்ட, காய்ச்சலுள்ள குழந்தைகளைப் பற்றி 2004இல் வந்த ஆய்வில், ஆர்.எஸ்.வி. என்ற மூச்சுப்பாதை வைரஸ் இருந்தவர்களிலும் 5.4 சதவீதம் பேருக்குச் சிறுநீர்த் தொற்று இருந்தது. வைரஸ் இல்லாதவர்களில் 10.1 சதவீதம். பாதியாகக் குறைகிறது, பூச்சியமாகவில்லை.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அன்றே மருத்துவமனை. 28 நாளுக்குட்பட்டது என்றால் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாலும் உடனே. வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் சொட்டைக் கொடுத்துப் பார்ப்பதைப் போலக் கெடுதல் இதில் வேறில்லை. அந்த இரண்டு மில்லியின் கதை அங்கேயே முடிந்துவிடும். இன்னொன்று: பிறந்து முதல் மூன்று நாளுக்குள் வரும் ரத்தத் தொற்றில் சிறுநீர்க் கல்ச்சர் வழக்கமாகத் தேவைப்படாது. அந்த வயதில் சிறுநீர்த் தொற்று மிக அரிது. அதற்குப் பிறகு கட்டாயம்.

சிறுநீரைப் பிடிப்பது

பை ஒட்டிப் பிடிப்பதுதான் எல்லோரும் முதலில் நினைப்பது. தோலைக் கழுவித் துடைத்து, பையை ஒட்டி, குழந்தை போகும்வரை காத்திருப்பது. யாருக்கும் வலியில்லை. சிக்கல் என்னவென்றால், அந்தச் சிறுநீர் தொடை இடுக்கு, முன்தோல், ஆசனவாய் ஓரம் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு பையில் தேங்குகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2011 வழிகாட்டலில் ஒரு கணக்குப் போட்டது: தொற்று உள்ளவர்கள் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பைச் சிறுநீரில் கல்ச்சர் பாசிட்டிவ் என்று வரும் முடிவுகளில் 88 சதவீதம் பொய். பத்தில் ஒன்பது என்றே வைத்துக்கொள்ளலாம். எனவே பைச் சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பவே கூடாது. டிப்ஸ்டிக்கும் (நிறம் மாறும் சோதனைப் பட்டை) மைக்ராஸ்கோப்பும் பார்க்கலாம். இரண்டும் சுத்தமாக இருந்தால், குழந்தையும் நலமாக இருந்தால், கத்தீட்டரின் வேதனை மிச்சம். சந்தேகம் வந்தால் கத்தீட்டர் போட்டுப் புதிதாக எடுத்துத்தான் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். பாசிட்டிவ் வந்த பையிலிருந்தே கல்ச்சர் பாட்டிலில் ஊற்றி அனுப்புவது அடிக்கடி நடக்கும் தவறு. பஞ்சை டயப்பருக்குள் வைத்துப் பிழிந்தெடுப்பது அதைவிட மோசம்.

காற்றில் பிடிப்பது இரண்டாவது வழி. வலியில்லை, பையைவிடப் பலமடங்கு மேல். ஆனால் குழந்தை எப்போது போகும் என்று கையில் பாட்டிலோடு நிற்க வேண்டும். இதற்கு இரண்டு உத்திகள் இருக்கின்றன. முதலாவது 2013இல் பிறந்த குழந்தைகளிடம் சோதித்தது. பால் கொடுத்து 25 நிமிடம் காத்திருந்து, அந்த இடத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, ஒருவர் குழந்தையின் அக்குளில் கை கொடுத்துக் கால்கள் தொங்கும்படி தூக்கிப் பிடிக்கிறார். மற்றவர் அடிவயிற்றில், இடுப்பெலும்புக்கு நேர் மேலே, விரல் நுனிகளால் நிமிடத்துக்குச் சுமார் 100 என்ற வேகத்தில் 30 விநாடி தட்டுகிறார். பிறகு முதுகின் கீழ்ப்பகுதியில், தண்டுவடத்தின் இருபுறமும் கட்டைவிரல்களால் வட்டமாக 30 விநாடி தேய்க்கிறார். சிறுநீர் வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றி, ஐந்து நிமிடம் வரை. 80 குழந்தைகளில் 86 சதவீதம் பேரிடம் பலித்தது; சராசரியாக ஒரு நிமிடம் ஆகவில்லை. ஆறு மாதம் வரையிலான குழந்தைகளிடம் பிறகு சோதித்தபோது வெற்றி ஏறக்குறைய பாதியாக இறங்கியது. ஆகவே பிறந்த குழந்தைக்கு நல்ல வழி, நாலு மாதக் குண்டுப் பையனிடம் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது உத்தி, குளிர்ந்த சலைனில் நனைத்த துணியால் அடிவயிற்றை வட்டமாகத் தேய்ப்பது. 2017இல் வந்த சோதனையில் ஐந்து நிமிடத்துக்குள் 31 சதவீதம் பேர் சிறுநீர் போனார்கள். சும்மா காத்திருந்தவர்களில் 12 சதவீதம். இதிலிருந்து ஒரு சின்ன பாடம். கத்தீட்டர் போடுவதற்காகச் சில்லென்ற மருந்தால் துடைக்கும்போதே பல குழந்தைகள் பீச்சியடித்துவிடும். அந்த நேரத்தில் பாட்டிலின் மூடி திறக்காமல் இருந்தால் எல்லாம் படுக்கை விரிப்புக்குத்தான் போகும். துடைக்க ஆரம்பிக்கும் முன்பே ஒருவர் கையில் திறந்த பாட்டில் இருக்கட்டும்.

கத்தீட்டர்தான் இந்த வயதில் நம்பகமான, கைக்கு எட்டும் வழி. பாதி நேரம் தோற்பதற்குக் காரணம் கை இல்லை, காலியான மூத்திரப்பை. டயப்பர் இப்போதுதான் நனைந்தது என்றால் பால் கொடுத்து அரை மணி, ஒரு மணி பொறுக்க வேண்டும். படுக்கையருகே அல்ட்ராசவுண்ட் இருந்தால் வைத்துப் பாருங்கள். பையில் நீர் இருக்கிறது என்று தெரிந்த பிறகு போட்டால் முதல் தடவையே கிடைக்கும். இரண்டு நிமிடம் முன்பு நாக்கில் சில சொட்டு சர்க்கரைக் கரைசல், உடன் சூப்பான், மரத்துப்போகச் செய்யும் ஜெல். மூன்றும் அழுகையைக் குறைக்கும்.

ஐந்து பிரெஞ்சு அளவுக் குழாய் போதும். பெண் குழந்தையில் சிறுநீர்த் துவாரம் யோனித் துவாரத்துக்குச் சற்று மேலே, பெரும்பாலும் ஒரு சிறு மடிப்பின் மறைவில் இருக்கும். குழாய் தவறி யோனிக்குள் போய்விட்டால் உருவிவிடாதீர்கள். அதை அங்கேயே அடையாளமாக விட்டுவிட்டு, புதிய குழாயை அதற்கு மேலே நுழைத்தால் சரியாகப் போகும். பழைய குழாயையே எடுத்து மறுபடி நுழைத்தால் அந்தக் கல்ச்சர் வீண். ஆண் குழந்தையில் ஆண்குறியை உடம்புக்குச் செங்குத்தாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். முன்தோலை வலுக்கட்டாயமாகப் பின்னுக்குத் தள்ளக் கூடாது. இந்த வயதில் அது ஒட்டியிருப்பதே இயல்பு. துவாரம் தெரிகிற அளவுக்கு இழுத்தால் போதும், முடிந்ததும் மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். மறந்தால் தோல் வளையம் இறுகி வீங்கும். உள்ளே போகும்போது தசை வளையத்தில் தடங்கும். அங்கே குத்தித் தள்ளாமல் லேசான அழுத்தத்தோடு நிறுத்தி, குழந்தை அழுகைக்கு நடுவே மூச்சிழுக்கும் கணத்தில் மெல்லத் தள்ளினால் வழிவிடும்.

சிறுநீர் எட்டிப் பார்த்ததும் நிறுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று குழாயை நீளமாக உள்ளே விட்டால் அது பைக்குள் சுருண்டு முடிச்சு விழும். அரிதாக நடப்பதுதான், நடந்தால் எடுப்பது பெரும்பாடு. முதல் சில சொட்டுகளைக் கீழே விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். ஒன்றிரண்டு மில்லி போதும். ஒரு மில்லிதான் கிடைத்தது என்றால் முதல் உரிமை கல்ச்சருக்கு. மிச்சம் இருந்தால் டிப்ஸ்டிக்.

அடிவயிற்றில் ஊசி போட்டு நேரே பையிலிருந்து உறிஞ்சுவது மிகச் சுத்தமான முறை. கைக்குழந்தையின் மூத்திரப்பை இடுப்பெலும்புக்குள் இல்லாமல் வயிற்றுக்குள் உயர்ந்து நிற்பதால் இது சாத்தியமாகிறது. இடுப்பெலும்பு மூட்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலே, நடுக்கோட்டில், 22 அல்லது 23 கேஜ் ஊசி, அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி. குழாயைவிட வலி அதிகம். முன்தோல் மிக இறுகியிருக்கும்போதும், பெண் குழந்தையில் இதழ்கள் ஒட்டியிருக்கும்போதும் இது கைகொடுக்கும்.

பிடித்த சிறுநீரை மேஜையில் வைத்துவிட்டு மறப்பது அடுத்த ஆபத்து. அறை வெப்பத்தில் இ.கோலை என்ற குடல் கிருமி ஓயாமல் பெருகும். ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர வேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்து நாலு மணி நேரத்துக்குள். போரிக் அமிலம் போட்ட பாட்டில்கள் பெரியவர்களின் அளவுக்குத் தயாரானவை. குறித்த கோடு வரை நிரப்பாமல் இரண்டு மில்லியை ஊற்றினால் அமிலம் செறிந்து கிருமியையே அமுக்கிவிடும். குழந்தைச் சிறுநீருக்குச் சாதாரண ஸ்டெரைல் பாட்டில்தான் சரி.

தாளைப் படிப்பது

டிப்ஸ்டிக்கில் இரண்டு கட்டங்கள் முக்கியம். லூக்கோசைட் எஸ்டரேஸ் வெள்ளையணுக்களின் சுவடு. நைட்ரைட் கிருமியின் சுவடு. நைட்ரைட் பாசிட்டிவ் என்றால் ஏறக்குறைய நிச்சயம். நெகடிவ் என்றால் ஒன்றும் நிரூபணமாகவில்லை. நைட்ரேட்டைக் கிருமி நைட்ரைட்டாக மாற்ற, சிறுநீர் பைக்குள் நாலு மணி நேரமாவது தங்க வேண்டும். கைக்குழந்தையோ மணிக்கு ஒருமுறை போய்விடும். போதாததற்கு என்டரோகாக்கஸ் மாதிரியான கிருமிகள் அந்த மாற்றத்தைச் செய்வதே இல்லை. டிப்ஸ்டிக் டப்பாவின் மூடியைத் திறந்தே வைத்திருந்தால் காற்று பட்டு நைட்ரைட் கட்டம் பொய்யாகச் சிவக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மைக்ராஸ்கோப்பில், சுழற்றிய சிறுநீரில் ஒரு புலத்துக்கு ஐந்துக்கு மேல் வெள்ளையணு இருந்தால் அழற்சி என்பது பொதுக் கணக்கு. குழந்தையின் சிறுநீர் தண்ணீராக இருப்பதால் இந்தக் கோடு கொஞ்சம் தடுமாறும். ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.015க்குக் கீழே இருந்தால் மூன்று வெள்ளையணுவே சந்தேகத்துக்குப் போதும். இந்த வயதில் சிறுநீர்ச் சோதனையை நம்பவே கூடாது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். 2018இல் வந்த, 60 நாள் வரையிலான நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் ஆய்வு அதைத் திருத்தியது: தொற்றில் 94 சதவீதத்தைச் சோதனை பிடித்தது, ரத்தத்திலும் கிருமி ஏறியிருந்தவர்களில் ஒருவரையும் தவறவிடவில்லை. நல்ல முறையில் பிடித்த சிறுநீரில் எல்லாம் சுத்தம் என்றால் அதற்கு மதிப்பு உண்டு.

கல்ச்சர் தாளில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: எந்தக் கிருமி, எத்தனை, எப்படிப் பிடித்தது. மூன்றாவதை லேப் எழுதாது. அனுப்புகிறவர்தான் எழுத வேண்டும். எழுதாமல் விடுவதுதான் வழக்கம், அதனால்தான் இத்தனை குழப்பம். 2011 வழிகாட்டல் இரண்டு மாதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு, கத்தீட்டர் சிறுநீரில் ஒரே கிருமி மில்லிக்கு 50 ஆயிரம், கூடவே சோதனையில் அழற்சி இருந்தால்தான் தொற்று என்று வைத்தது. 60 நாளுக்குட்பட்டவர்களுக்கான அதே அகாடமியின் 2021 வழிகாட்டல், அழற்சி இருந்தால் 10 ஆயிரமே போதும் என்கிறது. காற்றில் பிடித்ததற்குப் பொதுவாக ஒரு லட்சம். மூன்று வகைக் கிருமி கலந்து வளர்ந்தால் அது பெரும்பாலும் தோலிலிருந்து வந்த அழுக்கு. லாக்டோபாசிலஸ், கொரினிபாக்டீரியம் போன்ற பெயர்கள் வந்தாலும் அதே. கிருமி வளர்ந்தது, வெள்ளையணு ஒன்றுகூட இல்லை என்றால் அவசரப்பட வேண்டாம். கிருமி சும்மா குடியிருக்கலாம். பத்தில் எட்டு ஒன்பது பேரிடம் வளர்வது இ.கோலை. கிளெப்சியெல்லா, ஆண் குழந்தைகளில் புரோட்டியஸ், என்டரோகாக்கஸ் ஆகியவை மீதி. சூடோமோனாஸ் வந்தால் சிறுநீர்ப் பாதையில் அமைப்புக் கோளாறு இருக்கிறதா என்று தேட வேண்டும்.

மருந்து

முதல் மூன்று வாரத்தில் மருத்துவமனையில் சேர்த்து, ரத்தக் கல்ச்சர் எடுத்து, முதுகில் ஊசி போட்டு மூளைத் தண்டுவட நீரையும் எடுத்துவிட்டுத்தான் மருந்து. சிறுநீர்த் தொற்றோடு மூளைக்காய்ச்சலும் சேர்ந்திருப்பது அரிது. ஆனால் இந்த வயதில் முகத்தைப் பார்த்து அதை விலக்க முடியாது. ஆம்பிசிலின் கிலோவுக்கு 50 மி.கி. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அதோடு ஜென்டாமைசின் கிலோவுக்கு 4 மி.கி. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது ஜென்டாமைசினுக்குப் பதில் செஃப்டாசிடைம் கிலோவுக்கு 50 மி.கி. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. இவை ஒரு வாரம் கடந்த, நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கான அளவுகள். குறைமாதக் குழந்தைக்கு வேறு கணக்கு. ஆம்பிசிலின் எதற்கு, இ.கோலை அதற்கு மடங்குவதே குறைந்துவிட்டதே என்று கேட்பார்கள். என்டரோகாக்கஸை செஃப்டாசிடைம் சேர்ந்த செஃபலோஸ்போரின் வகை மருந்து எதுவும் தொடாது, அதற்காகத்தான். ஜென்டாமைசின் கொடுக்கும்போது கிரியாட்டினினும் (சிறுநீரக வேலையைக் காட்டும் ரத்த அளவு), அடுத்த டோஸுக்கு முந்தைய ரத்த அளவும் பார்க்க வேண்டும். அது சிறுநீரகம், காது இரண்டையும் கெடுக்கக்கூடிய மருந்து.

நாலாவது வாரத்திலிருந்து செஃப்ட்ரியாக்ஸோன் உள்ளே வருகிறது: கிலோவுக்கு 50 மி.கி., நாளுக்கு ஒருமுறை. மஞ்சள் காமாலை உள்ள பிறந்த குழந்தைக்கு அதைக் கொடுக்கக் கூடாது. புரதத்தோடு ஒட்டியிருக்கும் பிலிருபினை அது தள்ளிவிடும். 28 நாளுக்குட்பட்ட குழந்தைக்குக் கால்சியம் கலந்த திரவம் நரம்பில் ஏறிக்கொண்டிருந்தாலும் ஆகாது, உப்பாகப் படியும்.

29 முதல் 60 நாள் வரையிலான குழந்தை விஷயத்தில் வழிகாட்டல்கள் பிரிகின்றன. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டல் அமைப்பான நைஸ், மூன்று மாதத்துக்குட்பட்ட எல்லோரையும் உடனே குழந்தை நிபுணரிடம் அனுப்பி நரம்பு வழியே தொடங்கச் சொல்கிறது. அமெரிக்க அகாடமியின் 2021 வழிகாட்டல், குழந்தை நலமாகப் பால் குடித்து, ரத்தத்தில் அழற்சிக் குறியீடுகள் இயல்பாக இருந்தால், ரத்தக் கல்ச்சர் எடுத்துவிட்டு வாய்வழி மருந்தோடு வீட்டுக்கு அனுப்ப இடம் தருகிறது. மறுநாள் திரும்பப் பார்க்க வேண்டும். மறுநாள் வர முடியாத வீடு என்றால் இந்தச் சலுகை வேண்டாம் என்பதே நம் பக்கச் சாய்வு. 1999இல் வந்த, 306 குழந்தைகள் பங்கேற்ற சோதனை, ஒரு மாதத்துக்கு மேற்பட்டவர்களில் வாய்வழி செஃபிக்ஸைம் ஊசிக்குச் சளைத்ததில்லை என்று காட்டியது. இரண்டு குழுவிலும் காய்ச்சல் சுமார் 24 மணி நேரத்தில் இறங்கியது.

வாய்வழி மருந்தில் தவறு நடப்பது பெரும்பாலும் கணக்கில். 4.2 கிலோ குழந்தைக்குச் செஃபிக்ஸைம் கிலோவுக்கு 8 மி.கி., ஆக நாளுக்கு 33.6 மி.கி. ஒரே வேளை. சிரப் 5 மில்லியில் 100 மி.கி. என்றால் 1.7 மில்லி. அதே பெயரில் 5 மில்லியில் 50 மி.கி. உள்ள பாட்டிலும் இருக்கும், அப்போது 3.4 மில்லி. பாட்டில் மாறினால் மருந்து பாதியாகும், அல்லது இரட்டிப்பாகும். சீட்டில் மில்லியை மட்டும் எழுதாமல் மி.கி.யையும் சிரப்பின் வலிமையையும் எழுத வேண்டும். ஸ்பூன் வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சு. பொடியைக் கரைக்கும்போது முதலில் பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்து, பாதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கிய பிறகு கோடு வரை நிரப்புங்கள். நுரையைத் தண்ணீர் என்று நினைத்து நிறுத்தினால் ஒவ்வொரு மில்லியும் கெட்டியாகிவிடும். கொடுத்த அரை மணிக்குள் கக்கினால் மறுபடி ஒருமுறை கொடுக்கலாம். அதையும் கக்கினால் வாய்வழி மருந்து இந்தக் குழந்தைக்கு இப்போது சரிவராது, ஊசிக்கு வர வேண்டும்.

நைட்ரோஃபியூரன்டாயின் காய்ச்சலோடு வந்த தொற்றுக்கு ஆகாது. சிறுநீரில் மட்டும் சேரும், சிறுநீரகத் திசுவில் போதிய அளவு நிற்காது. கல்ச்சர் தாளில் "மடங்கும்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து இதைத் தேர்ந்தெடுப்பது ஒரு பழைய வழுக்கல்.

மொத்தம் 7 முதல் 14 நாள், பெரும்பாலும் பத்து. ஊசியை எத்தனை நாள் போடுவது என்பதில் பழைய பழக்கம் தேவைக்கு மேல் நீளமானது. ஆறு மாதத்துக்குட்பட்ட 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை 2010இல் அலசியபோது, மூன்று நாள் அல்லது அதற்குள் ஊசியை நிறுத்தி வாய்வழிக்கு மாறியவர்களுக்கும் நாலு நாளோ அதற்கு மேலோ ஊசி போட்டவர்களுக்கும் தோல்வி விகிதத்தில் வித்தியாசமில்லை. ஐந்து நாள் மொத்த சிகிச்சை போதும் என்ற அண்மைச் சோதனைகளைக் கைக்குழந்தைக்கு இழுக்கக் கூடாது. அவற்றில் இரண்டு மாதத்துக்குட்பட்டவர்களைச் சேர்க்கவே இல்லை.

இரண்டு நாளில் காய்ச்சல் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் மருந்தை மாற்றும் முன் கேட்க வேண்டியவை: கிருமி மருந்தை எதிர்க்கிறதா, எங்காவது அடைப்பா, சீழ்க்கட்டியா. அன்றே அல்ட்ராசவுண்ட். ரத்த உப்புகளையும் விடாதீர்கள். முதல் சில மாதங்களில் சிறுநீர்த் தொற்று, குறிப்பாக அடைப்பும் சேர்ந்தால், சிறுநீரகத்தை ஆல்டோஸ்டிரோன் என்ற உப்பைக் காக்கும் ஹார்மோனுக்குக் காது கேளாததாக்கிவிடும். சோடியம் சரியும், பொட்டாசியம் ஏறும், ரத்தம் அமிலமாகும், எடை குறையும், வாந்தி வரும். பிறவி அட்ரினல் கோளாறை அச்சு அசலாக ஒத்திருக்கும். இங்கே ஆல்டோஸ்டிரோன் எக்கச்சக்கமாக உயர்ந்திருக்கும், அட்ரினல் கோளாறில் ஏறும் 17 ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் இயல்பாக இருக்கும். சலைனும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்தால் சில நாளில் எண்கள் நேராகும்.

பிறகு

முதல் தொற்றுக்குப் பின் எல்லாக் கைக்குழந்தைக்கும் சிறுநீரகம், மூத்திரப்பை அல்ட்ராசவுண்ட் தேவை. நன்றாகத் தேறிய குழந்தைக்கு ஆறு வாரத்துக்குள் எடுத்தால் போதும். ஆண் குழந்தை சிறுநீர் போகும்போது ஒருமுறை நின்று பாருங்கள். வளைந்து பீச்சினால் நிம்மதி. சொட்டுச் சொட்டாக வந்தால், போன பிறகும் அடிவயிறு பந்து போலக் கையில் தட்டுப்பட்டால், சிறுநீர்க் குழாயின் பின்பகுதியில் வால்வு அடைப்பு இருக்கலாம். அதற்கு ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது.

கத்தீட்டர் வழியே மருந்தேற்றி எடுக்கும் எம்.சி.யூ. எக்ஸ்ரே எல்லோருக்கும் என்ற காலம் போய்விட்டது. அல்ட்ராசவுண்டில் வீக்கமோ தழும்போ தெரிந்தால், கிருமி வழக்கத்துக்கு மாறானதாக இருந்தால், தொற்று திரும்ப வந்தால் எடுக்க வேண்டும். சிறுநீர் பின்னோக்கி ஏறும் கோளாறைத் தேடுவதற்கு இது. கோளாறு தெரிந்தால் தினம் ஒரு சிறு டோஸ் ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா என்பது இன்றும் ஓயாத வாதம். 2014இல் 607 குழந்தைகள் பங்கேற்ற சோதனையில் மறுதொற்று ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது, தழும்பு குறையவில்லை. 2023இல், தீவிரமான பின்னேற்றம் இருந்தும் இன்னும் தொற்றே வராத ஒன்று முதல் ஐந்து மாதக் குழந்தைகள் 292 பேரிடம் சோதித்ததில் முதல் தொற்று 35.6 சதவீதத்திலிருந்து 21.2க்கு இறங்கியது, தழும்பில் வித்தியாசமில்லை, வந்த தொற்றுகளில் மருந்தை எதிர்க்கும் கிருமிகள் கூடின. முன்தோல் நீக்கத்துக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு: ஆரோக்கியமான ஆண் குழந்தைகளில் ஒரு தொற்றைத் தடுக்க 111 பேருக்குச் செய்ய வேண்டும், தீவிரப் பின்னேற்றம் உள்ளவர்களில் 4 பேருக்குச் செய்தால் போதும். இரண்டிலும் முடிவு குழந்தைக்குக் குழந்தை மாறும்.

மருந்து முடிந்ததும் "சரியாகிவிட்டதா" என்று பார்க்கச் சிறுநீர்க் கல்ச்சர் எடுப்பது தேவையில்லை. குழந்தை தேறியிருந்தால் போதும். தேவைப்படுவது அடுத்த காய்ச்சலின்போது. காரணம் தெரியாத காய்ச்சல் எப்போது வந்தாலும் 48 மணிக்குள் சிறுநீர் சோதிக்கப்பட வேண்டும், எந்த மருந்துக்கும் முன்னால். கல்ச்சர் தாளைப் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் பேனாவால் எழுதுங்கள்: பையா, காற்றில் பிடித்ததா, கத்தீட்டரா.